எல்லை நிபந்தனை

குளச்சலில் கழிவுநீர் ஏற்றுநிலையத்துக்காக
ஒன்பதரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம்.
மண்வெட்டி படுவதற்கு முன்பே
நாற்பது தடவை அதைத் தோண்டியிருந்தேன்,
திங்கள்சந்தை லாட்ஜில்,
மின்விசிறியை நிறுத்திவிட்டு.
அது சுழன்றால் கணக்கு பிசகும் என்று
எனக்கொரு மூடநம்பிக்கை.

திரையில் மண் முக்கோணம் முக்கோணமாகப் பிரிந்து நிற்கும்,
சுவரருகே பொடியாக, தள்ளிப் போகப் போக அகலமாக.
இதற்குப் பெயர் வலை என்றேன்.
ராக்காவல் ததேயு எட்டிப் பார்த்தார்:
"கண்ணி இவ்வளவு பெருசா இருந்தா
இதுல நண்டுகூட நிக்காதே."

மணலின் உராய்வுக் கோணம் முப்பத்து மூன்று பாகை.
ஒட்டுதல் சுழியம்.
மணல் மணலோடு சேர்ந்திருப்பது பாரத்தால் மட்டும்,
பற்றால் அல்ல.
ஆனால் சுழியம் போட்டால் நிரல் ஓடாது.
ஏழாம் படியில் மண் சரிந்தது என்று
சிவப்பில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடும்.
எல்லோரும் செய்வதைச் செய்தேன்.
ஒன்று. ஒரே ஒரு கிலோபாஸ்கல்.
ஈரக் கரையில் பிள்ளைகள் தோண்டும் குழி
அடுத்த அலைவரை நிற்குமே,
அந்த அளவுக்கு ஒரு பொய்.

இடது ஓரம் கடல்.
ஒரு கோடு கிழித்து
'நீர்மட்டம்: மாறாது' என்று கொடுத்தேன்.
வலது ஓரம், எழுபது மீட்டரில்,
எதுவும் அசையக் கூடாது என்பது என் உத்தரவு.

நடுவில், பள்ளத்துக்கு நான்கு மீட்டர் கிழக்கே,
கீழ்நோக்கிய ஆறு அம்புக்குறிகள்.
அது செறுபுஷ்பத்தின் வீடு.

"எனக்க செவுரு எவ்வளவு நீங்கும்?"
"பதினொரு மில்லிமீட்டர்."
"எந்தப் பக்கமாட்டு?"
"பள்ளத்தைப் பார்த்து."
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்போ கட்டிலைக் கெழக்க மாத்திப் போடுதேன்."

இரும்புத் தகடுகள் இறங்கின.
குறுக்கு உத்திரங்கள் இரண்டு வரிசை.
ஆறு வாரம் பம்புகள் தூங்கவில்லை,
தெருவும் தூங்கவில்லை.
சாய்வுமானி ஒன்பது என்றது, பிறகு பத்து.
எனக்குக் கர்வம்தான், மறைப்பானேன்.

வைகாசியில், காற்றில்லாத ஒரு மத்தியானம்
கள்ளக்கடல் ஏறியது.
மழை இல்லை, இருட்டு இல்லை.
எங்கோ தெற்கே அடித்து ஓய்ந்த புயலின் பாக்கி
வெயிலில் மினுங்கிக்கொண்டு சாலையைத் தாண்டி வந்தது.
மாறாது என்று நான் எழுதிய கோடு
ததேயுவின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

பள்ளத்தின் அடியில் மணல் கொதித்தது.
தீ இல்லாமல், சத்தம் இல்லாமல்,
கஞ்சி உலைபோல், அங்கங்கே சின்ன வாய்கள்.
ஹமீம் இன்னும் இரண்டு பம்பு கொண்டுவரக் கத்தினான்.
"நிறுத்து. எல்லாத்தையும் நிறுத்து.
குழாயை உள்ளே திருப்பு."
"மேடம், ஆறு வாரம்…"
"திருப்பு."

நான்கு மீட்டர் ஏறியதும் கொதிப்பு அடங்கியது.
தண்ணீரைத் தண்ணீரின் தலையில் வைத்து அழுத்தியிருந்தோம்.
யாருடையதோ ஒற்றைச் செருப்பு
மேலே சுற்றிச் சுற்றி வந்தது.

விரிசலின் குறுக்கே நாங்கள் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு
இரண்டாக உடைந்துவிட்டது.
மாத்திரை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள்.
"பதினொண்ணுன்னு சொன்னிய."
"பத்தொன்பது."
"மிச்சம் எட்டு எங்க கெடந்து வந்துது?"
நான் கடலைக் காட்டினேன்.
அது அப்போது தட்டுபோல் கிடந்தது,
என்னைப் பொய்யாக்க.

அன்றிரவு நாற்பத்தோராவது பள்ளம்.
மின்விசிறி ஓடியது.
இடது ஓரத்துக் கோட்டை அழித்து
மணிக்கு மணி மாறும் கடலைப் போட்டேன்.
ஒட்டுதலையும் அழித்துப் பார்த்தேன். ஓடவில்லை.
மறுபடி ஒன்று.

செறுபுஷ்பம் இப்போது வீட்டில் படுப்பதில்லை.
தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.
எங்கே என்று கேட்டேன்.
கிழக்கே கைகாட்டினாள்.
கண்ணால் அளந்தேன்: எழுபது மீட்டர் இருக்கும்.
எதுவும் அசையக் கூடாது என்று
நான் உத்தரவிட்ட இடம்.